மேல்மலையில் வீடெடுத்து நாமே சமைத்துத் தங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் மேல்மலையில் என் சொந்தக்காரர் ஒருவருக்குச் சமையலறையோடு ஒரு காட்டேஜ் இருக்கிறது. அதற்கு வரும் போனை எடுப்பது நான். மதுரையிலிருந்து கூப்பிட்டாலும் சென்னையிலிருந்து கூப்பிட்டாலும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதி, பதிலோடு சேர்த்திருக்கிறேன். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கால் என்று அந்தப் பக்கம் எந்த ஊரில் வீடெடுத்தாலும் இவை பொருந்தும்.

செல்ஃப் குக்கிங் காட்டேஜ்னா என்ன? ஹோம்ஸ்டே மாதிரிதானே?

இல்லை. ஹோம்ஸ்டேயில் வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே இருக்கும், சாப்பாடும் பெரும்பாலும் அவர்களே போடுவார்கள். செல்ஃப் குக்கிங் என்றால் வீட்டுச் சாவி உங்கள் கையில். அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் இருக்கும். சமைப்பது, பாத்திரம் கழுவுவது, வீட்டைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. அவசரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேர்டேக்கர் இருப்பார், ஆனால் அவர் சமையல்காரர் இல்லை.

‘காட்டேஜ்’ என்ற பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கொடைக்கானலில் தனித்தனி அறையாகக் கட்டி, கெட்டில் ஒன்று வைத்துவிட்டு அதையும் காட்டேஜ் என்றே சொல்கிறார்கள். “அடுப்பும் சிலிண்டரும் நாங்கள் பயன்படுத்தலாமா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

கொடைக்கானல் டவுன்லயே எடுக்கலாமா? எதுக்கு மேல்மலை வரைக்கும் போகணும்?

ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை எல்லாம் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்றால் டவுன்தான் சரி. சமையலறை உள்ள வீடு உங்களுக்குத் தேவைப்படாது. ஓட்டல்கள் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன.

வீடெடுத்துச் சமைப்பதற்கு அர்த்தம் கிராமத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பூம்பாறை டவுனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். மன்னவனூர் இன்னும் உள்ளே. படிப்படியாக இறங்கும் வயல்களில் கேரட், உருளை, பீன்ஸ், பூண்டு. காலையில் தோண்டிய கிழங்கை மண்ணோடு வாங்கிவந்து அன்றைக்கே குழம்பு வைக்கலாம். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில், மன்னவனூரில் ஏரியும் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இவற்றைப் பார்க்க ஒரு சாயங்காலம் போதும். மீதி நேரம் வீட்டுக்கும் திண்ணைக்கும்.

கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமும் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வீடுகள் கிடைக்கும். குளிர் குறைவு. வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு நான் அந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன்.

இ-பாஸ் இன்னும் வேணுமா? வண்டிக்கா, ஆளுக்கா?

வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். வண்டிக்கு ஒன்று எடுக்க வேண்டும். வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதி, எங்கே தங்கல் என்று கேட்கும். கட்டணம் கிடையாது. அரசுப் பேருந்தில் வந்தால் தேவையில்லை.

2025 கோடையில் கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு வார நாட்களில் 4000 வண்டிகள், வார இறுதியில் 6000 வண்டிகள் என்று எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். அதனால் சீசனில் வீட்டுக்கு அட்வான்ஸ் போடும் முன்பே பாஸ் நிலவரத்தைப் பாருங்கள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் பாஸ் எடுக்கலாம் என்று நம்பி வருகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

எந்த மாசம் வந்தா நல்லாயிருக்கும்?

ஏப்ரல், மே சீசன். கூட்டம், வாடகை இரண்டும் உச்சத்தில் இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. மரம் விழுந்து, மண் சரிந்து பாதை அடைபடலாம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் உறைபனி. புல் மேல் உப்புத் தூவின மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

சமைத்துத் தங்க வருகிறவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வார நாட்கள் எனக்குப் பிடித்தவை. சாரலும் மூடுபனியும் இருக்கும், ஊர் அமைதியாக இருக்கும். குறிஞ்சி பார்க்கத்தான் வர வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: 2018-ல் பூத்தது, 12 வருடக் கணக்கில் அடுத்தது 2030.

கிச்சன்ல என்னென்ன இருக்கும்? நாங்க என்ன கொண்டுவரணும்?

வழக்கமாக இரண்டு பர்னர் அடுப்பு, சிலிண்டர், குக்கர், இரண்டு மூன்று பாத்திரம், தோசைக்கல், தட்டு, டம்ளர் இருக்கும். ஃபிரிட்ஜ் சில வீடுகளில் உண்டு. குளிர் மாதங்களில் இல்லாவிட்டாலும் பெரிய குறையில்லை. மிக்ஸி இருந்தாலும் கரண்ட் போகலாம் என்பதால் தேங்காய், பொட்டுக்கடலையை வறுத்துப் பொடியாகவே கொண்டுவந்துவிடுங்கள்.

இருப்பதாகச் சொல்லி இல்லாமல் போவது சின்னச் சாமான்கள்தான். லைட்டர், வடிகட்டி, கூரான கத்தி, இடுக்கி, பாத்திரம் தேய்க்கும் நார், பிடிதுணி இந்த ஆறையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். குக்கர் மூடியின் ரப்பர் வளையமும் பல வீடுகளில் இறுகிப்போய்க் கிடக்கும். உங்கள் வீட்டு மூன்று லிட்டர் குக்கரையே டிக்கியில் வைத்துவிட்டால் நிம்மதி. ஏன் குக்கருக்கு இவ்வளவு முக்கியத்துவம் என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

மளிகை, காய்கறி எல்லாம் ஊர்லேர்ந்தே தூக்கிட்டு வரணுமா?

அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா, காப்பித்தூள் கொண்டுவாருங்கள். உங்கள் வாய்க்குப் பழகின பொருள் இங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. காய்கறி கொண்டுவராதீர்கள். கீழே மார்க்கெட்டில் நீங்கள் வாங்குகிற கேரட்டும் பீன்ஸும் இங்கிருந்து இறங்கினதாகவே இருக்கலாம். கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை சந்தை. வருகிற வழியில் அது வாய்த்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மற்ற நாட்களில் கேர்டேக்கரிடம் சொன்னால் தோட்டத்துக்காரரைக் காட்டிவிடுவார்.

பூண்டு மட்டும் கண்டிப்பாக இங்கே வாங்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீடுகளில் தாளோடு கட்டுக்கட்டாக உத்தரத்தில் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படும்படி வைத்திருப்பார்கள். அப்படி வைத்தது மாதக்கணக்கில் கெடாது. தோல் உரிக்கும்போதே காரம் மூக்கில் ஏறும். கீழே பத்துப் பல் போடுகிற குழம்புக்கு இது ஐந்து போதும். தக்காளியும் சின்ன வெங்காயமும் கீழேயிருந்து வருகிறவை. அவற்றை மட்டும் வத்தலக்குண்டிலோ பழனியிலோ வாங்கிக்கொண்டு ஏறலாம்.

ஊறுகாய் பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள். மேலே ஏற ஏற உள்ளே அடைபட்ட காற்று விரியும், எண்ணெய் மூடி வழியாகக் கசியும். சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்புவதும் இதனால்தான். பாக்கெட் கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம்.

அரிசி வேகவே மாட்டேங்குது, பருப்பு கல்லு மாதிரி இருக்கு. தண்ணி சரியில்லையா?

தண்ணீர் பெரும்பாலும் காரணமில்லை, உயரம்தான் காரணம். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டரில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். பார்க்கக் கொதிக்கிறது, ஆனால் கீழே இருக்கிற சூடு அதில் இல்லை. தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிர சூடு ஏறாது. வடிசோறு நேரமெடுக்கும். துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வேகவைக்க முயல்வது கேஸுக்குத்தான் நஷ்டம்.

அதனால்தான் குக்கர். குக்கருக்குள் கீழே சுமார் 120 டிகிரி என்றால் இங்கே மூன்று நான்கு டிகிரி குறையும். அதற்காக அரிசிக்கு ஒரு விசில், பருப்புக்கு இரண்டு விசில் கூட்டிக்கொள்ளுங்கள். பருப்பை அரைமணி நேரம் வெந்நீரில் ஊறவையுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா முதல்நாள் ராத்திரியே ஊற வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் ஊறவும் இங்கே கூடுதல் நேரம் பிடிக்கும். டீத்தூளையும் வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொதிக்க விட்டால்தான் சாயம் இறங்கும்.

கீழ்மலை வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. தாண்டிக்குடி உயரத்தில் 95, 96 டிகிரி பக்கம் வந்துவிடும்.

இட்லி மாவு அரைச்சு எடுத்துட்டு வரலாமா? பாதி வழியில புளிச்சுடாதா?

புளித்த மாவாகவே கொண்டுவாருங்கள். பச்சை மாவை மேலே கொண்டுவந்து புளிக்கும் என்று காத்திருந்தால் மறுநாள் மத்தியானமும் அப்படியே இருக்கும். மாவு பொங்க வெதுவெதுப்பு வேண்டும். இங்கே குளிர்கால ராத்திரியில் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். புளித்த மாவு அதே குளிரால் மேலே வந்த பிறகு இரண்டு மூன்று நாள் நிற்கும். மலை ஏறும் வரைக்கும் மட்டும் பாத்திரத்தைப் பாதி நிரப்பி, மூடியைத் தளர்த்தி வையுங்கள்.

தயிருக்கும் இதே கதை. பாலை வெதுவெதுப்பாக உறை ஊற்றி ஹாட்பாக்ஸிலோ ஃபிளாஸ்க்கிலோ மூடி வைத்தால் காலையில் தோயும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். தாளிக்க பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வாயகன்ற டப்பாவில் கொண்டுவந்தால் கரண்டியால் எடுத்துக்கொள்ளலாம்.

காலைல அடுப்பு சிறுசாத்தான் எரியுது. சிலிண்டர் தீர்ந்துபோச்சா?

தீரும் தறுவாயில் இருக்கலாம், குளிராகவும் இருக்கலாம். சிலிண்டருக்குள் இருக்கும் திரவம் ஆவியானால்தான் அடுப்புக்கு வாயு வரும். குளிரில் அது மந்தமாகும், அளவும் குறைந்திருந்தால் தீ சுருங்கும். வெயில் ஏறினதும் தானே சரியாகிறதென்றால் குளிர்தான் காரணம். சிலிண்டரை நெருப்புப் பக்கம் நகர்த்துவது, கொதிநீர் ஊற்றுவது எதையும் செய்யாதீர்கள்.

வந்த அன்றே கேர்டேக்கரிடம் மாற்றுச் சிலிண்டர் எங்கே இருக்கிறது, யார் மாட்டித் தருவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாடையடித்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கேஸ் கசிவுக்கு அவசர எண் 1906.

சிக்கன், மட்டன் சமைக்கலாமா?

வீட்டுக்காரரைக் கேளுங்கள். சைவம் மட்டும் என்று வைத்திருக்கும் வீடுகள் உண்டு. தெரியாமல் சமைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பது இரண்டு பேருக்கும் சங்கடம். அனுமதி இருந்தால் கறியை டவுனிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். மட்டனுக்கும் மேலே சொன்ன விசில் கணக்குத்தான். எலும்பை வெளியே எறியக் கூடாது. ஏன் என்பதைக் காட்டுமாடு, குப்பை பற்றிய பதில்களில் பாருங்கள்.

குளிர் தாங்கலைன்னா பார்பெக்யூ கரியை ரூமுக்குள்ள வெச்சுக்கலாமா? கேம்ப் ஃபயர் உண்டா?

முதல் கேள்விக்கு: எந்தக் காரணம் கொண்டும் கூடாது. கரி கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. குளிருக்காகக் கதவு ஜன்னலை இறுகச் சாத்திய அறையில் அது நிறைந்தால் தூக்கத்திலேயே உயிர் போகும். கொடைக்கானலிலேயே அடுப்புக் கரியை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்திருக்கிறார்கள். புகை அடங்கிவிட்டது, சாம்பல் பூத்துவிட்டது என்பதெல்லாம் பாதுகாப்பு அல்ல. சாம்பல் பூத்த கரியும் அதே வாயுவை விடும். கேஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடேற்றுவதும் இதே ஆபத்துதான். கூடுதல் கம்பளி கேளுங்கள், வெந்நீர்ப் பை கொண்டுவாருங்கள், காதை மூடுங்கள்.

கேம்ப் ஃபயர் வீட்டுக்காரர் காட்டும் இடத்தில், அவர் தரும் விறகில் மட்டும். காட்டுக்குள் சுள்ளி பொறுக்கப் போகாதீர்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புல்வெளி காய்ந்து கிடக்கும், காட்டுத்தீ அடிக்கடி வரும் காலம் அது. அப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை மேலே காட்டிச் சூடு இல்லை என்று பார்த்த பிறகே படுங்கள்.

காட்டுமாடு வீட்டுக்கிட்ட வருமாமே? ராத்திரி பயமில்லையா?

வரும். மேய்ச்சலுக்கு வருகிற மிருகம், உங்களைத் தேடி வருவதில்லை. வீட்டுக்குள் இருந்து பாருங்கள். வெளிச்சம் அடிப்பது, போட்டோவுக்குக் கிட்டே போவது, கூச்சல் போட்டு விரட்டுவது மூன்றும் ஆபத்து. ஆயிரம் கிலோவரை வளரக்கூடியது, திரும்பினால் ஓடித் தப்ப முடியாது. இருட்டின பிறகு வண்டியிலிருந்து எதையாவது எடுக்கப் போவதென்றால் டார்ச்சோடு, சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பேத்துப்பாறை, அஞ்சுவீடு பக்கம் வீடெடுத்தால் யானை நடமாட்டத்தையும் விசாரியுங்கள்.

அன்றாடத் தொல்லை குரங்கு. சமையலறை ஜன்னல் ஒரு நிமிடம் திறந்திருந்தால் போதும், ரொட்டி பாக்கெட்டும் வாழைப்பழமும் கூரையில் இருக்கும். மழை மாதங்களில் சோலைப் பக்கம் நடந்தால் அட்டை ஏறும். உப்பு ஒரு பொட்டலம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பையை எங்க போடறது? தண்ணி பாட்டில் கொண்டுவரலாமா?

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1 முதல் தடை. கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது, பிடித்தால் பணம் கட்ட வேண்டும். எவர்சில்வர் பாட்டில்களும் ஒரு பெரிய கேனும் போதும்.

கிராமத்தில் டவுன் மாதிரித் தினமும் குப்பை வண்டி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மசாலாக் கவர், பால் பாக்கெட், டயப்பர் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, திரும்பும்போது உங்களோடு எடுத்துச் செல்லுங்கள். காய்த்தோலுக்கு வீட்டில் எருக்குழி இருக்கும். “மாடுதானே தின்னட்டும்” என்று தோலை வேலி ஓரம் கொட்டினால் மறுநாளே காட்டுமாடும் காட்டுப்பன்றியும் அங்கே நிற்கும். நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். பக்கத்து வயல்காரருக்குத்தான் அது வருடம் முழுக்க வந்துகொண்டிருக்கும்.

தண்ணி தாராளமா வருமா? எல்லாரும் குளிக்கணுமே.

பல வீடுகளுக்கு மலை ஊற்றிலிருந்து கருப்பு ஓஸ் இழுத்துத்தான் தண்ணீர். அதே ஊற்று வயலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போகிறது. கோடையில் ஓஸில் விரல் கனத்துக்குத்தான் விழும், தொட்டி நிறைய ராத்திரி முழுக்க வேண்டும். வாளியில் பிடித்துக் குளியுங்கள். கீசரும் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு வராது. குடிக்கக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர். 93 டிகிரியில் கிருமி சாகுமா என்று கேட்கிறார்கள், சாகும். தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

கைக்குழந்தை, எண்பது வயசு பாட்டி எல்லாரும் வரோம். சரிப்படுமா?

இதயம், மூச்சுத் தொல்லை இருப்பவர்கள் என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் கொடைக்கானல் அரசு மருத்துவமனைதான். மன்னவனூர், கூக்காலிலிருந்து ராத்திரி மூடுபனியில் அந்த வளைவுப் பாதையைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 108-க்கும் அதே பாதைதான். போன் சிக்னல் திட்டுத்திட்டாகத்தான் கிடைக்கும் என்பதால் எந்த இடத்தில் நின்றால் கிடைக்கும் என்று கேர்டேக்கரிடம் முதல் நாளே கேளுங்கள். மாத்திரை, காய்ச்சல் மருந்து கணக்குக்கு மேல் இரண்டு நாளுக்குக் கூடுதலாகக் கொண்டுவாருங்கள். கழிவறைக்குப் படி ஏற வேண்டுமா, வெஸ்டர்ன் உண்டா என்பதையும் விசாரியுங்கள். போட்டோவில் இதெல்லாம் தெரியாது.

அட்வான்ஸ் முழுசா போடச் சொல்றாங்க. ஏமாந்துடுவோமோன்னு பயமாயிருக்கு.

பயப்படுவது நியாயம். யாரோ ஒருவர் வீட்டுப் படத்தை எடுத்துப் போட்டுப் பணம் வாங்குகிற கூட்டம் இருக்கிறது. வீடியோ காலில் வரச்சொல்லி அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள், குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், வாசலுக்கு வந்து எதிரே என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். ஒரு பகுதி முன்பணம், மீதி சாவி வாங்கும்போது என்பதுதான் முறை. தலைக்கணக்கு, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும், சிலிண்டருக்குத் தனிக்காசா என்று மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு பேர் என்று சொல்லிவிட்டுப் பத்துப் பேர் இறங்கினால் வீட்டுக்காரர் மறுக்க உரிமை உண்டு. தண்ணீர்க் கணக்கை மேலே சொல்லியிருக்கிறேன்.

வீட்லயும் சமையல், இங்கேயும் சமையலா? அப்ப லீவு எனக்கு எங்கே?

இதைக் கேட்பது எப்போதும் பெண்கள்தான், கேட்பதும் சரிதான். நான்கு நாளும் மூன்று வேளையும் அம்மா அடுப்படியிலும் மற்றவர்கள் கம்பளிக்குள்ளும் என்றால் டவுனில் அறை எடுத்து ஓட்டலில் சாப்பிடுவதே மேல். புக் செய்யும் முன்பே வேளைக்கு ஆள் பிரியுங்கள். காலை டிபன் அப்பா, ராத்திரி பிள்ளைகள் என்று. முதல் நாள் ராத்திரிக்குக் கீழேயிருந்தே புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு வாருங்கள், மலை ஏறி வந்த களைப்பில் யாராலும் சமைக்க முடியாது.

ஒரு வேளைக்கு ஒரே குக்கர் என்று வைத்தால் பாதி வேலை குறையும். உருளை, பீன்ஸ், கேரட், பட்டாணி, பத்துப் பல் மலைப்பூண்டு, ஊறின பருப்பு, அரிசி எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து விசில். மேலே நெய். அந்தக் குளிரில் அதற்குத் தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டியிருக்காது. பாத்திரம் கழுவ வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கை விறைத்துப்போகும், எண்ணெயும் போகாது.

கிளம்பும்போது மிச்சமான சாமானை விட்டுட்டுப் போகலாமா?

பிரிக்காத அரிசி, பருப்பு, சர்க்கரை என்றால் கேர்டேக்கரிடம் கேட்டு, வேண்டுமென்றால் கையில் கொடுங்கள். மாவு, தயிர், வெட்டின காய், பாதிப் பால் பாக்கெட் வேண்டாம். அடுத்தவர் வர ஒரு வாரம் ஆகலாம், அதற்குள் அந்த வாடைக்குக் குரங்கு ஜன்னலைப் பிய்த்துவிடும். ரெகுலேட்டரை மூடுங்கள், கீசரை அணையுங்கள், கொண்டிகளைப் போடுங்கள், குப்பைப் பை டிக்கியில் ஏறிவிட்டதா என்று பாருங்கள். பெட்ரோல் பங்க் டவுனில்தான், பூம்பாறை தாண்டி உள்ளே தங்கினவர்கள் திரும்புகிற வழிக்கும் சேர்த்து முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.